பிறந்த தண்ணி மீன்

— உள்ள போகாதீங்கன்னு சொன்னேன்ல சம்பந்தியம்மா. கையெல்லாம் ஈரம். அவ இப்பத்தான் கண்ணசந்திருக்கா.

— படகுல வந்தவ கை ஈரமில்லாம எப்படி மதினி இருக்கும். துடைச்சிட்டுப் போறேன். பெத்த மகளத் தொட்டுப் பாக்க இந்த ஜும்ரியா உங்ககிட்ட உத்தரவு வாங்கணுமாக்கும்.

— நான் ஒண்ணும் சொல்லல. தொடுங்க, தாராளமாத் தொடுங்க. பச்சத்தண்ணி மேல பட்டா நெருப்பள்ளிப் போட்ட மாதிரி கத்துறா. நேத்து நர்ஸ் ஈரத்துணிய நெத்தியில வச்சா. அவ போட்ட சத்தத்துல இந்த ஆஸ்பத்திரியே எந்திரிச்சு உக்காந்துச்சு.

— பச்சத்தண்ணி சுடுதா அவளுக்கு?

— சுடுது. வெந்நி குளுருது. பல்லெல்லாம் கழண்டு விழுற மாதிரி இருக்காம், ஆனா ஒரு பல்லும் ஆடல. உடம்பு பூரா அரிப்பு. சொறிஞ்சு சொறிஞ்சு கை ரெண்டும் புண்ணு. இதுல மார்ல பால் வேற கட்டிக்கிட்டு நிக்குது. குடிக்க ஆளில்லாத பால்.

— யா அல்லா. என் பிள்ளைக்கா இது.

— இப்பக் கூப்பிடுங்க அல்லாவ. மூட்டையில என்ன? மீன் இல்லையே?

— கசுவாமி. மரவள்ளி மாவுல அவிச்சு எடுத்தாந்தேன், அவளுக்குப் பிடிக்கும். ஒரு குப்பி தேங்காண்ணெ. அவ பழைய கைலி ரெண்டு. மீன் இல்ல மதினி. நம்பிக்கை இல்லன்னா அவுத்துப் பாருங்க.

— நம்பிக்கைய விடுங்க. அது இனிமே எதுக்கு. கைலி எதுக்குக் கொண்டு வந்தீங்க? இங்க எங்க வீட்டுல துணிக்கா பஞ்சம்? துணிக்கடையே வச்சிருக்கோம்.

— கூட்டிட்டுப் போகத்தான் கொண்டாந்தேன். துறையில அவ அப்பா படகோட நிக்காரு. தண்ணி வத்துறதுக்குள்ள கிளம்பணும். வத்திட்டா படகு கடல்புல்லுல தட்டிரும். பிள்ளை எங்ககூட வரட்டும். தாய் வீட்டுல கொஞ்ச நாள் கெடந்தா உடம்பும் தேறும், மனசும் தேறும்.

— எந்த வீட்டுல? அந்தப் புல்லுக்கு மேல கால் நட்டு நிக்குதே, அந்த வீட்டுலயா? பலகை இடுக்கு வழியா எட்டிப் பாத்தா அந்தப் புல்லுதானே தெரியும். வேண்டாம் சம்பந்தியம்மா. மிர்னா எங்கயும் வரமாட்டா.

— அத அவ சொல்லட்டும்.

— சொல்லுவா. எழுந்திரிக்கட்டும், கேட்டுக்கங்க. நான் ஒண்ணும் தடுக்கல.

— பேரனை எங்க அடக்கினிய மதினி? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. ஆள் விட்டு, பிள்ளை செத்துப்போச்சு, வந்து பாருங்கன்னு மட்டும் சொல்லி விட்டிய. நாங்க வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

— பள்ளிவாசலுக்குப் பின்னால, எங்க மாமனார் பக்கத்துல. எம்மவன் சர்லானே குழிக்குள்ள எறங்கினான். ஏழு மாசத்துக்கு நல்ல நீளம். காது அப்படியே அவன் காது. கையில வாங்கினப்ப ஒரு துணிப்பொட்டலம் கனம்தான் இருந்துச்சு. அதையும் என்கிட்ட ரொம்ப நேரம் குடுக்கல.

— நஞ்சுக்கொடி?

— அதுவும் கூடவே. மண்ணுலதான்.

— மண்ணுலயா? மதினி, டவுனுக்குக் குடியேறிட்டா எல்லாம் மறந்து போகுமா. நீங்களும் கடல்ல வாழுற பாஜோ வயித்துல பொறந்தவதான. கொடியக் கடல்ல விடணும்னு தெரியாதா உங்களுக்கு. பிள்ளையோட கூடப்பிறப்பு அதுதான. தண்ணிக்குள்ள இருந்து அதுதான பிள்ளையப் பாத்துக்கிடும்.

— எந்தப் புள்ளைய?

— மதினி.

— கேக்குறேன்ல, சொல்லுங்க. எந்தப் புள்ளையப் பாத்துக்கும்? பாத்துக்க ஆளில்லாத இடத்துல காவலுக்கு ஒண்ண அனுப்பி என்ன செய்ய. உங்க கடல்ல எங்க வீட்டுக் கொடி ஒண்ணும் போகாது. போன வரைக்கும் போதும்.

— உங்க கடல், எங்க கடல்னு பிரிச்சுப் பேசுதிய. எம்மேல என்ன கோவம்னு நேராச் சொல்லுங்க.

— நான் ஒண்ணும் சொல்லல. டாக்டரம்மா சொன்னதத்தான் சொல்றேன். மீனுல இருந்து வந்துச்சாம். மீனுக்கு எங்கேருந்து வந்துச்சு? கடல்புல்லுல இருந்து. புல்லு எலை மேல கண்ணுக்குத் தெரியாத உசுரு ஒட்டிக்கிட்டு இருக்காம். ஒரா மீன் புல்ல மேயறப்ப அதையும் சேத்து மேஞ்சுடுதாம். மீனுக்கு ஒரு கேடும் இல்ல. குடல்லயும் ஈரல்லயும் சேத்து வச்சிருக்குமாம், தின்னவங்களுக்கு. கழுவினாலும் போகாது, சுட்டாலும் போகாது. வாசமும் வராது, ருசியும் மாறாது. அந்த மாதிரி மீனத்தான், அதுவும் எதுல விஷமோ அந்தக் குடலோட, மாசமா இருந்தவளுக்கு ஊட்டியிருக்கோம்.

— அந்த டாக்டரம்மா நேத்துப் படிச்சிட்டு வந்தவ. கடலப் பத்தி அவ என்னத்தக் கண்டா. இது கடல் அண்ணனோட கோவம் மதினி. மிர்னா பொறந்தப்ப அவ கொடிய அந்தப் புல்லுலதான் விட்டோம். அன்னைலேருந்து அவன் அங்கனதான் இருக்கான். கல்யாணம் முடிஞ்சு இங்கன வந்த பெறகு ஒரு வெத்தலகூட அவனுக்கு விடல அவ. நீங்க விட விடல.

— அப்படிக் கோவம் வந்தாலும் தங்கச்சி வயித்துலயா கைய வைப்பான்?

— கடல் கோவத்துக்கு அளவு உண்டா.

— இந்தக் கதைய வேற யாருகிட்டயாவது சொல்லுங்க. டாக்டரம்மா படமே காட்டினா. புழு மாதிரி ஏதோ ஒரு பூச்சி.

— புழுவும் இல்ல, பூச்சியும் இல்ல. பூச்சிக்குக் காலு இருக்கும். இது பயறு மாதிரி. கொஞ்சம் சப்பையா, தேன் நிறத்துல. ஒரு நூலு இருக்கும், அதச் சுழட்டிக்கிட்டுத்தான் நகரும். அதுவும் சோம்பேறி, எலைய விட்டுப் போகாது. அங்கனயே பசை மாதிரி ஒண்ண விட்டு ஒட்டிக்கிட்டுக் கெடக்கும்.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல. நேர்ல பாத்தவங்க மாதிரி சொல்றீங்க.

— மிர்னா சொல்லுவா. கல்யாணத்துக்கு முன்னால ஆராய்ச்சிக்காரவுக படகுல கூடப் போவாள்லா. புல்ல மெதுவாப் பையில போட்டு, கடல்தண்ணி ஊத்திக் குலுக்கி, வடிகட்டி, ஒரு சொட்ட கண்ணாடிச் சில்லுல வச்சு மைக்ராஸ்கோப்புல பாப்பாக. இவளையும் ஒரு நாள் பாக்க விட்டாக. அன்னைக்கு வீட்டுக்கு வந்தவளுக்கு வாய் ஓயல. ஒரு எலையில ஒரு ஊரே இருக்கும்மா, ஓடம் மாதிரி ஒண்ணு, நட்சத்திரம் மாதிரி ஒண்ணு, பொடிச் சங்கு மாதிரி ஒண்ணு, அவனவன் அவனவன் சோலியப் பாத்துக்கிட்டு இருக்கான்னு. மீனுக்குச் சோறே அதுகதானாம், புல்லு வெறும் தட்டுதானாம். எல்லாம் நல்லதுக. இந்த ஒண்ணுதான் கெட்டது. இதுக்குப் பயறுன்னு அவதான் பேரு வச்சா.

— எங்க வீட்டுலயும் சொல்லியிருக்கா. ராத்திரி சோத்துத் தட்டுல பருப்ப வச்சுக் காட்டுவா, இப்படித்தான் இருக்கும் அத்தைன்னு. நான்தான் சாப்பிடுற எடத்துல என்ன பேச்சுன்னு அதட்டுவேன். அந்தப் பயறு எப்பவும் இருக்குமா, இப்ப வந்துச்சா?

— எப்பவும் அங்கொண்ணு இங்கொண்ணு இருக்குமாம். சிவப்பு மண்ணு ஏத்துற கப்பலுக்கு வழி வேணும்னு எங்க புல்லு நடுவால வாய்க்கால் வெட்டுனாம்லா. அந்தச் சேறெல்லாம் புல்லு மேல படிஞ்சு, புல்லு செத்துப் போயி, செத்த புல்லுல பாசி ஏறிப்போச்சு. பயறுக்கு அந்தப் பாசின்னா கொண்டாட்டமாம்.

— பெருகிடுச்சு.

— பெருகிச்சோ என்னமோ. எனக்கு என்ன தெரியும்.

— சம்பந்தியம்மா. உங்களுக்குத் தெரியும்.

— ஆராய்ச்சிக்காரவுக தலைவர் வீட்டு வாசல்ல ஊரக் கூட்டி வச்சுச் சொன்னாக. இந்தப் புல்லுல மேயுற மீனு இப்போதைக்கு வேண்டாம்னு. திங்கவும் வேண்டாம், விக்கவும் வேண்டாம். மீனு வந்து விழுறதுக்குப் புல்லுக்குள்ள நட்டிருக்கிற மூங்கில் வேலியெல்லாம் பிடுங்கிருங்க, நாங்க மறுபடி பாத்துச் சொல்லுதோம்னு.

— பிடுங்கினீங்களா?

— பலகையப் பிடுங்கினோம்.

— என்ன பலகை?

— அவுக நட்டு வச்சிட்டுப் போன எச்சரிக்கைப் பலகை. மண்டையோடு படம் போட்டு.

— பலகைய.

— ஊரே சேந்து பிடுங்குச்சு மதினி. நான் ஒருத்தி இல்ல. அந்தப் படத்தப் பாத்தா எந்த யாவாரி எங்க துறைக்கு வருவான்.

— அப்புறம் அந்த மீன நீங்க தின்னீங்களா? உங்க வீட்டுல?

— நிறுத்திட்டோம்.

— ஊர்ல மத்தவங்க?

— எல்லாரும்தான். பாறையில தூண்டி போட்டுப் பிடிச்சதத்தான் திங்கோம். வேலி மீனப் பூனைக்குக்கூடப் போடுறதில்ல.

— பூனைக்குக்கூட.

— மதினி, அப்படிப் பாக்காதிய.

— நான் ஒண்ணும் சொல்லல. டவுன் சந்தையில கூடை கூடையா வந்து எறங்குச்சே, பச்சை பச்சையா, புல்லு வாசத்தோட. நாங்க போட்டி போட்டு வாங்கினோமே. பூனைக்கும் கீழன்னு எங்கள வச்சிருந்தீங்கன்னு இன்னைக்குத்தான் தெரியுது.

— நீங்க துணிக்கடை வச்சிருக்கிய. இன்னைக்கு ஒரு கைலி போகலன்னா நாளைக்குப் போகும். வேலியில விழுந்த மீனு நாளைக்கு நாறும். கப்பல்காரன் புல்ல வெட்டுனப்ப எந்த டவுன்காரன் வந்து கேட்டான்? நீங்க கேட்டியளா? உங்க தெருவுல பாதிப்பேர் அந்தக் கம்பெனிச் சோத்தத்தான திங்கிறாக. வெட்டுனவன் வெட்டிட்டுப் போவான், தின்னவன் தின்னுட்டுப் போவான், நாங்க மட்டும் வேலியப் பிடுங்கிட்டு நல்லவுகன்னு பேரு வாங்கி வயித்துல ஈரத்துணியப் போட்டுக்கிட்டுக் கெடக்கணுமாக்கும்.

— கெடந்திருக்கலாம்.

— சொல்லுவிய. வயிறு நிறைஞ்சவுக சொல்லுவிய. ஒருத்தன் ஒரு மீனத் தின்னா என்ன ஆகப்போவுதுன்னு நெனச்சோம். இவ்வளவு பெரிய டவுன், இவ்வளவு வயிறு. அதுல கரைஞ்சு போகும்னு நெனச்சோம்.

— கரையல சம்பந்தியம்மா. போன மாசம் எங்க வீட்டுக்காரருக்கு ஒதடு மரத்துப் போச்சு. வெத்தலச் சுண்ணாம்பு அதிகம்னு நான் அவரத் திட்டினேன். எதிர்வீட்டு ஆளுக்கு நடக்கவே முடியல. காத்து சேட்டைன்னு மந்திரிச்சாங்க. அதெல்லாம் உங்க வேலி மீன். நாங்க சுண்ணாம்ப நெனச்சோம், பேய நெனச்சோம். உங்கள நெனக்கல.

— போதும் மதினி.

— மிர்னாவுக்குத் தெரியுமா? வேலி இன்னும் நிக்குதுன்னு, மீன் சந்தைக்கு வருதுன்னு?

— தெரியாது.

— என்ன சொல்லி வச்சிருந்தீங்க?

— வேலியப் பிடுங்கியாச்சுன்னு. அவ கல்யாணமாகி இங்கன வந்த பெறகு என்னையப் பாக்குற போதெல்லாம் அதத்தான் கேப்பா. பிடுங்கிட்டீங்களாம்மா, பிடுங்கிட்டீங்களாம்மான்னு. ஒரு நாள் ஆமான்னு சொல்லிட்டேன். அதுக்குப் பெறகுதான் நிம்மதியாப் பேசுனா. அவ நிம்மதிக்குத்தான சொன்னேன்.

— நல்ல நிம்மதி.

— மதினி, என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க. ஊருக்கு விஷத்த வித்தவன்னு சொல்லுங்க, ஒத்துக்கிடுதேன். ஆனா என் மக தட்டுல நான் வைக்கல. அது மட்டும் என்னால ஒத்துக்க முடியாது.

— உங்க வேலி மீன்தான் அவ தட்டுல இருந்துச்சு.

— இல்ல.

— உங்க வேலி மீன். வாயத் தொறந்து பொய் சொல்லாதீங்க, புள்ள உள்ள கெடக்குறா.

— அல்லா அறிய இல்ல. கேளுங்க மதினி. ஏழாம் மாசச் சடங்குக்குப் பிறந்த தண்ணி மீனு கொண்டு வரணும். அது எனக்கும் தெரியும். கொடி கெடக்குற எடத்துல மேஞ்ச மீனா இருக்கணும், குடல எடுக்காம, வயித்துப் புல்லோட முழுசாச் சுட்டு, மாசமா இருக்குறவ மட்டும் திங்கணும். அவ தின்னாத்தான் அண்ணன் வயித்துப்பிள்ளைய அடையாளம் கண்டுக்கிடுவான். என் தாய் எனக்குச் செஞ்சா, நான் மூத்தவளுக்குச் செஞ்சேன். மிர்னாவுக்குச் செய்யல. எப்படிச் செய்ய? எனக்குத்தான் தெரியுமே அதுல என்ன இருக்குன்னு.

— செய்யலைன்னா?

— ஏமாத்துனேன். மகளுக்காகச் சடங்க ஏமாத்துனேன். அவ அப்பாவ வெளிப் பாறைக்கு அனுப்பினேன். போகக்கூடாத காத்து, படகு கவுந்திருந்தா எனக்குப் புருசன் இல்ல. விடிய விடியக் கெடந்து பாறை ஒரா மூணு பிடிச்சாந்தாரு. அதுல பெருசா ஒண்ண எடுத்து, வாழ இலையில சுத்தி, இதுதான் பிறந்த தண்ணி மீனுன்னு உங்க கையில குடுத்தேன். அண்ணே, மன்னிச்சுக்கோ, உன் தங்கச்சி உசுரோட இருக்கட்டும், கோவத்த என் மேல காட்டுன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வந்தேன். அந்த மீனத் தின்னு யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நாங்க தெனமும் திங்கிற மீனு.

— நீங்க அத என்கிட்ட சொல்லியிருக்கலாம்.

— எதச் சொல்ல? வேலி மீனு விஷம், அதான் பாறை மீனு கொண்டாந்தேன்னா? சந்தையில வாங்குற உங்ககிட்டயா? இப்ப நீங்க சொல்லுங்க. நான் குடுத்தத அவ தின்னா இந்தக் கதி வராது. அப்ப நீங்க என்ன குடுத்திய? அவளுக்கு வேற என்ன குடுத்திய? வந்ததுலேருந்து வேலி மீனு வேலி மீனுன்னுதான் சொல்லுதிய. நான் கொண்டாந்த மீனுன்னு ஒரு வாட்டிகூட உங்க வாயில வரல.

— மெதுவாப் பேசுங்க. முழிச்சுக்கப் போறா.

— முழிக்கட்டும். என்ன குடுத்திய?

— இலையப் பிரிச்சேன். மீன் கழுவுறப்ப வயித்த அமுக்கிப் பாத்தேன். எங்கம்மா எனக்குச் சொல்லிக் குடுத்தது, பிறந்த தண்ணி மீன்னா வயிறு பச்சையா கட்டியா இருக்கணும்னு. உங்க மீன் வயித்துல புல்லே இல்ல. மஞ்ச வரி வேற. பாறை மீன்னு தெரிஞ்சு போச்சு.

— தெரிஞ்சதும் என்னையக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டியதுதான. வாசல்லதான உக்காந்திருந்தேன்.

— கேக்கத்தான் வந்தேன். வாசல்ல எங்க நாத்தனார்ங்க பூராவும் உக்காந்திருந்தாங்க. ஏற்கெனவே கடல் மேல வீடு கட்டினவ மகளா கெடைச்சான்னு எனக்கு ஏச்சு. அவங்க முன்னாடி, சம்பந்தியம்மா, வேலி உங்க வீட்டுக்குக் கீழயே இருக்குது, மகளுக்கு ஒரு மீன் எடுத்து வர உங்களுக்கு வலிக்குதான்னு நான் கேட்டிருந்தா, உங்க மூஞ்சிய எங்க கொண்டு போய் வச்சிருப்பீங்க? எனக்கு உங்க மேல கோவம்தான், இல்லங்கல. கஞ்சத்தனம்னு நெனச்சேன். நல்ல மீன வித்துட்டு மகளுக்குக் கெடைச்சதக் கொண்டு வந்துட்டாங்கன்னு நெனச்சேன். ஆனா அதுக்காக எங்க புள்ளைய அவ அண்ணனுக்கு அடையாளம் தெரியாம விட முடியுமா?

— என்ன செஞ்சிய மதினி?

— பின்வாசல் வழியா எங்க சின்னவள சந்தைக்கு ஓட விட்டேன். எந்தத் தண்ணி மீன்னு கேட்டு வாங்குன்னு சொல்லி விட்டேன். பஹ்ருன் வேலி மீன், இப்பத்தான் எறங்குச்சுன்னு கூடைக்காரன் சொன்னானாம். எம்மருமகளோட அப்பா வேலி. இதைவிடப் பிறந்த தண்ணி மீன் எங்க கெடைக்கும்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

— அன்னைக்குக் காலைல.

— ஆமா.

— அந்தக் கூடைய நான்தான் கட்டினேன். உங்க வீட்டுக்கு வார படகுலதான் அதையும் ஏத்துனேன். ஐஸ் போட்டு, மேல ஈரச்சாக்கு போட்டு. இந்தக் காலுக்குக் கீழதான் இருந்துச்சு. மடியில அவளுக்கு ஒரு மீனு, காலுக்குக் கீழ சந்தைக்கு ஒரு கூடை. ரெண்டும் ஒரே படகுல வந்திருக்கு.

— எனக்கு எப்படித் தெரியும் சம்பந்தியம்மா.

— உங்களுக்குத் தெரியாது. எனக்குத்தான் எல்லாம் தெரியும்.

— தணல்ல நானே சுட்டேன். வேற யாரையும் கிட்ட விடல. குடல் வெந்துச்சான்னு கிள்ளி வாயில வச்சும் பாத்தேன். என் நாக்கும் மரத்துத்தான் கெடக்குது, யாருகிட்டயும் சொல்லல. பச்சத்தண்ணியில கை வைக்க முடியல. டாக்டரம்மா கேட்டப்பகூட நான் திங்கலன்னு சொல்லிட்டேன். அவளுக்கு நான்தான் ஊட்டினேன்னு தெரிஞ்சா எம்மவன் என்னைய என்னன்னு நெனப்பான்.

— அவன்கிட்டயும் சொல்லலயா?

— சொல்லல. உங்க ஊர் மீன்னு சொன்னேன். அது பொய்யில்லையே. உங்க மேல பாரத்தப் போட்டுட்டு இங்க உக்காந்து உங்க வழியப் பாத்துக்கிட்டிருந்தேன், சண்ட போட. நல்லா போட்டேன்ல.

— நல்லாத்தான் போட்டிய. நானும் போட்டேன்.

— நான் பாவி சம்பந்தியம்மா. ஏழு மாசமா ராத்திரி ராத்திரி அவ கால அமுக்கி விட்டேன். வாந்தி எடுத்தா எங்கையில ஏந்தினேன். இந்தக் கையாலதான் முள்ளெடுத்து, புல்லோட சேத்து உருட்டி, வாயில வச்சேன். கசக்குது அத்தைன்னா. கசந்தாத்தான் உண்மையான பிறந்த தண்ணி மீன்னு சொல்லிச் சிரிச்சேன்.

— நீங்க பாவி இல்ல மதினி. நீங்க சடங்கச் சரியாச் செஞ்சிய. தப்பாச் செஞ்சவ நான். அந்த மீனு சந்தைக்கே வரலைன்னா உங்க சின்னவ வெறுங்கையோட திரும்பியிருப்பா.

— கூட்டிட்டுப் போங்க.

— என்ன?

— மிர்னாவக் கூட்டிட்டுப் போங்க. நான் தடுக்க மாட்டேன். தெனமும் அவ மூஞ்சியப் பாத்து என்னால சோறு போட முடியாது. எப்பவாவது அவளுக்குத் தெரிய வரும். அது உங்க வீட்டுல வச்சுத் தெரியட்டும். சர்லான்கிட்ட நான் சொல்லிக்கறேன்.

— எனக்கு ஒண்ணுதான் புரியல மதினி. அவ எப்படித் தின்னா? நீங்க ஏமாந்திய, சரி. அவ ஏமாற மாட்டாளே. புல்லு மீனு எது பாறை மீனு எதுன்னு நடக்கத் தெரியாத வயசுலயே அவளுக்குத் தெரியும். வயித்தப் பிரிச்சு வச்சா அதுல எங்க புல்லு கெடக்கும்லா. பயறுன்னு பேரு வச்சவளே அவதான. பாத்த நிமிசம் தட்டத் தள்ளியிருக்கணுமே.

— மொதல்ல கொஞ்சம் தயங்கினா. அப்புறம் தின்னுட்டா. பசின்னு நெனச்சேன்.

— அம்மா.

— மிர்னா? மதினி, முழிச்சிட்டா. விலகுங்க, திரையத் தள்ளுங்க. தங்கம், எப்பம்மா முழிச்ச?

— நான் தூங்கல.

— எல்லாம் கேட்டியா?

— கேட்டேன். கையத் தொடாதம்மா, எரியுது.

— தொடல, தொடல. இங்கனயே நிக்கேன். அப்பா துறையில காத்துக்கிட்டிருக்காரு. நம்ம வீட்டுக்குப் போவோம். உன் கைலியெல்லாம் கொண்டாந்திருக்கேன். அத்தையும் போகச் சொல்லிட்டாக.

— நீ கொண்டு வந்தது பாறை மீனாம்மா?

— ஆமா தங்கம். உனக்குன்னு அப்பா விடிய விடியக் கெடந்து பிடிச்சது. அந்தக் கெட்ட மீன நான் உனக்குக் கொண்டு வருவேனா. என்னைய நம்பு.

— நம்புனேனே.

— பெறகு ஏன் தின்ன? உனக்கா தெரியாது அது எந்த மீனுன்னு?

— தெரிஞ்சுதும்மா. வயித்தப் பிரிச்சதுமே நம்ம புல்லுன்னு தெரிஞ்சுது. தட்டத் தள்ளத்தான் கையெடுத்தேன். இது யாரு கொண்டு வந்ததுன்னு அத்தைகிட்ட கேட்டேன். உன் மானம் போகக் கூடாதுன்னு எல்லாரு முன்னாடியும் உங்கம்மாதான்னு சொன்னாங்க. எங்கம்மாவே கொண்டு வந்திருக்கான்னா பயறெல்லாம் போயிருக்கும், கடல் நல்லாகிடுச்சு போலன்னு, ஒரு துணுக்கு மிச்சம் வைக்காம வழிச்சுத் தின்னேன்.